இரண்டு நிமிட ஹார்மோன்

கார்த்திகையில் ஒரு நாள் ராத்திரி, நண்பர் ஒருவர் போன் செய்தார். தையில் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. இப்போது பிரச்னை அவருடைய தொப்பை.

'தொண்ணூத்திரண்டு கிலோ இருக்கேன். பன்னிரண்டு கிலோ குறையணும். ரெண்டு மாசம் இருக்கு. இந்த ஊசி போட்டா எத்தனை நாள்ல எறங்கும்?'

கேட்டது தப்பான ஆளிடம். நான் படித்தது காமர்ஸ். ஆனால் கூட்டல் கழித்தல் வரும். தவிரவும், சில மாதங்களாக இந்த ஊசியின் சரித்திரத்தைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்வி இருக்கிறதே, 'எத்தனை நாளில்' என்கிற அந்தக் கேள்வி, அது கிட்டத்தட்ட நூறு வருடமாக மனிதர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. நான் மிகைப்படுத்தவில்லை. நீங்களே பாருங்கள்.

முதல் உலகப்போர் சமயம். பிரான்ஸில் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்குகின்றன. டைநைட்ரோஃபீனால் என்று ஒரு மஞ்சள் பொடி. குண்டுக்குள் வைத்து அடைக்கிற சரக்கு. அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு விநோதமான வியாதி வந்தது. குப்பென்று வியர்க்கும். ஜுரம் கொதிக்கும். உடம்பு இளைக்கும். சிலர் செத்தும் போனார்கள்.

இந்தச் செய்தியைப் படித்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? ஐயோ பாவம் என்று தோன்றும். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கட்டிங், டெயின்டர் போன்ற மருந்தியல் நிபுணர்களுக்கு வேறு மாதிரி தோன்றியது. அட, உடம்பு இளைக்கிறதா? அப்படியானால் குண்டாக இருப்பவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

கொடுத்தார்கள். இளைத்தார்கள். வாரத்துக்கு ஒரு கிலோ வீதம், சாப்பாட்டைக் குறைக்காமலேயே! சாப்பிட்டதை உடம்பு சேமிக்க விடாமல் வெறும் சூடாக மாற்றி எரித்துத் தள்ளுவதுதான் அந்தப் பொடியின் வேலை. ஒரே வருடத்தில் ஒரு லட்சம் அமெரிக்கர்களாவது அதை விழுங்கியிருப்பார்கள் என்று கணக்கு சொல்கிறார்கள். மருந்துச் சீட்டெல்லாம் அவசியமில்லை. கடையில் கேட்டால் கிடைக்கும்.

பிறகு கண் போனது. இளம்பெண்களுக்குக் கண்புரை. டோஸ் சற்றுக் கூடினால் அடக்கவே முடியாத ஜுரம். உள்ளிருந்தே வெந்து சாவது. 1938இல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கடை மூடப்பட்டது.

புத்தி வந்ததா? ம்ஹூம். அடுத்து ஆம்ஃபெட்டமின். பசியை அடக்கும், தூக்கத்தையும் சேர்த்து அடக்கும். வானவில் மாதிரி கலர் கலராக மாத்திரைகள் போட்டுக் கொடுத்தார்கள். இதயம் தறிகெட்டு ஓடியது. அடுத்து, தொண்ணூறுகளில் ஃபென்-ஃபென். இரண்டு மருந்துகளின் ஜோடி. 1996ஆம் வருடத்தில் மட்டும் அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சம் மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. 1997 செப்டம்பரில் ஜோடியில் முக்கியமானதை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். காரணம், இதய வால்வு கெட்டுப்போனது.

ஆக, சீக்கிரம் இளைக்க வைத்த சரக்கெல்லாம் சீக்கிரமே ஊத்திக்கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு உலகமே க்யூவில் நிற்கிற அந்த ஊசியின் மூல மருந்தை, இளைப்பதற்காக யாரும் தேடவே இல்லை.

தேடியது ஷுகருக்கு. அதற்கு முன்னால் குடலுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு பேர், குடல் ஒரு வேதிப்பொருளை ரத்தத்தில் அனுப்பிக் கணையத்துக்குத் தகவல் சொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். குடல் என்பது வெறும் குழாய் அல்ல, தபாலாபீஸ். ஹார்மோன் என்ற சொல்லையே மூன்று வருடம் கழித்து ஸ்டார்லிங்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அப்புறம் 1964இல் இன்னொரு ஆச்சரியம். ஒரே அளவு குளுக்கோஸை நரம்பில் ஏற்றினால் சுரக்கிற இன்சுலினைவிட, வாய் வழியாகக் குடித்தால் சுரக்கிற இன்சுலின் அதிகம். அதாவது, 'சோறு வருது, தயாரா இரு' என்று குடலிலிருந்து யாரோ கணையத்துக்குத் தந்தி அடிக்கிறார்கள். யார் அந்த ஆள்?

அவரைப் பிடிக்க ஒரு மீன் தேவைப்பட்டது. தலையில் தூண்டில் மாதிரி ஒரு நீட்சியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பார்க்கவே பயமாக இருக்கும் ஒரு கடல் மீன். எண்பதுகளின் தொடக்கத்தில், பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹேபெனர் என்பவர் அந்த மீனின் கணைய செல்களில் ஒரு மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தார். குளூகாகான் என்ற ஹார்மோனைத் தயாரிக்கிற மரபணு. படித்துப் பார்த்தால், அதற்குள்ளேயே குளூகாகான் மாதிரியே இன்னொரு ஹார்மோனுக்கான செய்முறையும் எழுதியிருந்தது. பிறகு மனிதனிலும் அதே மாதிரி கிடைத்தது. ஜிஎல்பி-1 என்று பெயர் வைத்தார்கள்.

செய்முறைக் குறிப்பில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? அதைச் சொன்னவர் ஸ்வெட்லானா மோய்சோவ். மாசிடோனியாவில் பிறந்து, நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் படித்து, அதே பாஸ்டன் மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தவர். நீளமான சங்கிலியில் ஏழாவது கண்ணியிலிருந்து தொடங்கும் துண்டுதான் வேலை செய்கிற சரக்கு என்று யூகித்து, அதைச் செயற்கையாகச் செய்தும் காட்டினார். 1987இல் அது இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்று நிரூபணமானது. அதே சமயம் டென்மார்க்கில் ஜென்ஸ் ஹோல்ஸ்ட் குழுவும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் பேடண்ட் வந்தபோது மோய்சோவின் பெயர் அதில் இல்லை. வக்கீல் வைத்து, வருடக்கணக்கில் போராடித்தான் சில பேடண்ட்களில் தன் பெயரைச் சேர்க்க வைத்தார். பரிசுகளும் பல வருடம் அவரைச் சுற்றிக்கொண்டு வேறு வீட்டுக்கே போயின. 2024இல் லாஸ்கர் விருதை மூவருக்குப் பகிர்ந்து கொடுத்தபோது அவர் பெயரும் இருந்தது. கண்டுபிடித்து முப்பத்தேழு வருடம். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட எரிச்சலைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. சரி, போவோம்.

ஹார்மோன் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். ரத்தத்தில் அதன் ஆயுள் சுமார் இரண்டு நிமிடம்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு நிமிடம்! நம் உடம்பிலேயே ஒரு என்சைம், கத்தரிக்கோலோடு காத்திருந்து, ஜிஎல்பி-1ஐப் பார்த்ததும் நறுக்கிப் போட்டுவிடுகிறது. ஊசி போட்டு, பஞ்சைத் தேய்த்து, சட்டைக் கையை இறக்கிவிடுவதற்குள் மருந்தில் பாதி காலி. இதை வைத்து என்ன வியாபாரம் செய்வது? நியாயமான கேள்விதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபைசர் கம்பெனி இதில் கொஞ்சம் பணம் போட்டுப் பார்த்துவிட்டு, இன்சுலின் தவிர இன்னொரு ஊசிக்குச் சந்தை கிடையாது என்று விலகிக்கொண்டது. அந்த முயற்சியில் இருந்த ஹார்வர்ட் பேராசிரியர் ஜெஃப்ரி ஃப்ளையர் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். காமர்ஸ் வகுப்பில் பாடமாகவே வைக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு பல்லி வருகிறது.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லி இல்லை. ஹீலா மான்ஸ்டர். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வசிக்கும், ஆரஞ்சும் கறுப்புமாக மணி கோத்தது போலத் தோல் கொண்ட, ஒன்றரை இரண்டு அடி நீள விஷப் பல்லி. வருடத்துக்கு மொத்தமே ஐந்து முதல் பத்து வேளைதான் சாப்பிடும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுகிற கணக்கு.

நியூயார்க், பிராங்க்ஸில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்று உண்டு. நோபல் பரிசு வாங்கிய ரோசலின் யாலோ வேலை பார்த்த இடம். அவருடைய லேபில் பயிற்சி பெற்ற ஜான் எங் என்ற டாக்டர், இந்தப் பல்லியின் விஷத்தில் புது ஹார்மோன் ஏதாவது இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தார். 1992இல் கிடைத்தது. எக்ஸெண்டின்-4. நம்முடைய ஜிஎல்பி-1க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஜாடை. வேலையும் அதே வேலை. ஒரே ஒரு வித்தியாசம், கத்தரிக்கோல் என்சைம் வெட்டுகிற இடத்தில் இதில் ஒரு கண்ணி மாறியிருந்தது. வெட்ட முடியவில்லை. நிமிடக் கணக்கு மணிக் கணக்காகிவிட்டது.

எங் தன் நிர்வாகத்திடம் போய், இதற்கு பேடண்ட் வாங்குங்கள் என்றார். ராணுவத்தினருக்கென்று தனியாக இதில் பிரயோஜனம் எதுவும் தெரியவில்லை என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். சொந்தக் காசைப் போட்டு அவரே வாங்கினார். அப்புறம் கம்பெனி கம்பெனியாக அலைந்து, 1996இல் சான்டியாகோவைச் சேர்ந்த அமிலின் என்ற நிறுவனத்திடம் உரிமையைக் கொடுத்தார். 2005 ஏப்ரலில் பையெட்டா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. தினம் இரண்டு ஊசி. ஷுகர் நோயாளிகளுக்கு.

போட்டுக்கொண்டவர்கள் டாக்டரிடம் வந்து சொன்னார்கள். ஷுகர் குறைந்தது சார். அதோடு, பேன்ட்டும் லூஸாகிவிட்டது சார்.

டாக்டர்களுக்கு இது முழு ஆச்சரியம் என்று சொல்ல முடியாது. 1996லேயே லண்டனில் ஸ்டீபன் ப்ளூம் குழுவினர், ஜிஎல்பி-1ஐ எலியின் மூளையில் செலுத்தினால் எலி சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று காட்டிவிட்டார்கள். குடலிலிருந்து போகிற தந்தி கணையத்துக்கு மட்டுமல்ல, மூளைக்கும் ஒரு காப்பி போகிறது. 'போதும்ப்பா, வயிறு ரொம்பிடுச்சு.'

டென்மார்க்கில் நோவோ நார்டிஸ்க் கம்பெனியில் லோட்டே பியேரே நூட்சன் என்ற பெண்மணி இதை வேறு வழியில் மடக்கப் பார்த்தார். அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது துணி சோப்புக்கான என்சைம்களில்தான் ஆராய்ச்சி. அங்கிருந்து மருந்துப் பக்கம் வந்தவர். அவர் குழு செய்த காரியம், ஜிஎல்பி-1இன் முதுகில் ஒரு கொழுப்பு அமிலத்தைக் கட்டிவிட்டது. ரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு புரதம் எக்கச்சக்கமாக மிதக்கிறது. கொழுப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது மாதிரி தொங்கிக்கொண்டே ஊர் சுற்றலாம். கத்தரிக்கோல் கிட்டே வராது. ஆயுள் 13 மணி நேரம் ஆயிற்று. தினம் ஒரு ஊசி போதும். அதுதான் லிராக்ளூடைட். 2014 டிசம்பரில், எடை குறைப்புக்கு என்றே சேக்செண்டா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது.

அதையே இன்னும் தட்டிக் கொட்டி, ஆயுளை ஒரு வாரமாக்கினார்கள். செமாக்ளூடைட். 2017 டிசம்பரில் ஷுகருக்கு ஒஸெம்பிக். 2021 ஜூனில், டோஸைக் கூட்டி, எடைக்கு வீகோவி. போட்டி கம்பெனியான எலி லில்லி, இரண்டு குடல் ஹார்மோன்களின் வேலையை ஒரே மூலக்கூறில் அடைத்து டிர்செபடைட் கொண்டுவந்தது. மவுன்ஜாரோ. இந்தியாவுக்கு மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் வந்தது. வீகோவி அந்த ஜூனில்.

இரண்டு நிமிடத்தை ஏழு நாளாக நீட்ட முப்பது வருடம் பிடித்திருக்கிறது. என் நண்பருக்கு இரண்டு மாதத்தில் பன்னிரண்டு கிலோ!

கணக்குக்கு வருகிறேன். இந்த ஊசியை முழு டோஸில் தொடங்க முடியாது. தொடங்கினால் வாந்தி எடுத்தே படுத்துவிடுவீர்கள். வீகோவி என்றால் வாரம் 0.25 மில்லிகிராமில் ஆரம்பம். நாலு வாரம். பிறகு 0.5. அப்புறம் 1. அப்புறம் 1.7. ஒவ்வொன்றும் நாலு வாரம். 2.4 என்ற முழு டோஸை எட்டும்போது பதினாறு வாரம் முடிந்திருக்கும். முதல் மாசத்து ஊசி உங்களை இளைக்க வைப்பதற்கே அல்ல. குடலுக்கு அறிமுகம் செய்துவைக்கிற சடங்கு. சிலருக்கு முதல் வாரமே பசி மந்தப்படும். நாலு இட்லி சாப்பிடுகிறவருக்கு இரண்டாவதிலேயே போதும் என்று தோன்றும். சிலருக்கு இரண்டு மாதம் ஆனாலும் தராசு அசையாது. இரண்டுமே சகஜம்.

இருபது வாரத்தில் என்ன ஆகும்? 803 பேர் முழு டோஸை எட்டிய ஒரு பரிசோதனையில், சராசரியாக 10.6 சதவிகித எடை குறைந்திருந்தது. என் நண்பரின் தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு அது பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டு மாதத்தில் இல்லை, ஐந்து மாதத்தில். கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் பங்குனி உத்திரத்துக்கு வந்துபோன பிறகு.

இன்னும் பொறுத்தால்? 1,961 பேரை வைத்து நடந்த பெரிய பரிசோதனையில் 68 வாரம் கழித்து சராசரியாக 14.9 சதவிகிதம் குறைந்தது. வெறும் உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு அதே உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகளைப் பின்பற்றியவர்களுக்கு 2.4. டிர்செபடைட்டின் உச்ச டோஸில் 72 வாரத்தில் 20.9. இதெல்லாம் சராசரி. சராசரி என்பது எப்போதும் கொஞ்சம் ஏமாற்றுகிற ஆசாமி. செமாக்ளூடைட் போட்டவர்களில் மூன்றில் ஒருவர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தார். கிட்டத்தட்ட ஏழில் ஒருவருக்கு ஐந்து சதவிகிதம்கூடக் குறையவில்லை. நீங்கள் எந்தக் கட்சி என்று முன்கூட்டிச் சொல்ல ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் இதெல்லாம் ஏராளமானவர்களுக்கு வரும். டோஸ் கூட்டுகிற வாரங்களில் அதிகம் படுத்தும், பிறகு தணியும். பித்தப்பைக் கல் வரலாம்; வேகமாக இளைத்தாலே அது வருகிற சமாசாரம்தான். அரிதாகக் கணையம் வீங்கும். விடாத வயிற்று வலி என்றால் கஷாயம் போட்டுக் குடித்துக்கொண்டிருக்காமல் ஓட வேண்டும். குறிப்பிட்ட வகைத் தைராய்டு கேன்சர் குடும்பத்தில் இருந்தால் போடக் கூடாது. கர்ப்பிணிகள் கூடாது. இன்னொன்று, அதிகம் பேர் சொல்லாதது. குறைவது முழுக்கக் கொழுப்பு இல்லை. அந்தப் பெரிய பரிசோதனையில் ஸ்கேன் செய்து பார்த்த ஒரு சிறு பிரிவினருக்கு, போன எடையில் சுமார் 40 சதவிகிதம் தசை முதலான கொழுப்பல்லாத சமாசாரம். ஆகவே பருப்பும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டு, கொஞ்சம் பாரமும் தூக்கச் சொல்கிறார்கள்.

நல்லதும் இருக்கிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ள, ஷுகர் இல்லாத, எடை அதிகமான 17,604 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 20 சதவிகிதம் குறைவு. பழைய கலர் மாத்திரையும் ஃபென்-ஃபென்னும் இதயத்தை அடித்தன, இது காப்பாற்றுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை அழகு சமாசாரம் என்று கிண்டல் செய்கிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. பருமன் ஒரு வியாதி. அதோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுளைத் தொலைத்தவர்களுக்கு இது வரப்பிரசாதம்தான்.

நண்பருக்கு இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

'சரி. கல்யாணத்துக்கு எறங்காது. புரியுது. ஆனா அஞ்சு மாசம் போட்டு பத்து கிலோ எறங்கினதும் நிறுத்திடலாம் இல்ல?'

அந்த 803 பேரைப் பற்றி மிச்சத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. இருபதாவது வாரம் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஊசியைத் தொடர்ந்தவர்களுக்கு அடுத்த 48 வாரத்தில் மேலும் 7.9 சதவிகிதம் இறங்கியது. அவர்களுக்குத் தெரியாமல் மருந்தில்லாத ஊசிக்கு மாற்றப்பட்டவர்களுக்கு 6.9 சதவிகிதம் திரும்ப ஏறியது. 68 வார ஆய்வு முடிந்து நிறுத்தியவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தபோதும் இதே கதை. ஒரே வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு வீடு திரும்பிவிட்டது. தந்தி நின்றால் பசி திரும்ப வருகிறது. ரத்தக்கொதிப்பு மாத்திரை மாதிரி இது, நிறுத்துகிற தேதி போட்டுக்கொண்டு ஆரம்பிக்கிற வைத்தியம் இல்லை.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

'மாசம் எவ்வளவு ஆகும்?' என்றார்.

சொன்னேன். கேட்டரிங்காரர் வெயிட்டிங்கில் வருகிறார் என்று வைத்துவிட்டார். கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கோட்டு இல்லை, பட்டு வேட்டி சட்டையில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். தொண்ணூற்றிரண்டு அப்படியேதான் இருந்திருக்கும். மாசியில், ஷுகரும் பிரஷரும் பார்த்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போகப்போவதாகச் சொன்னார். இந்த முறை எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை வருஷம் என்று கேட்டுக்கொண்டு வரப்போவதாகச் சொன்னார்.